வரவு செலவுக் கணக்கை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ள: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒருவருடைய ஓராண்டுச் செலவுப் பட்டியல் கையில் கிடைத்தால் போதும், அவரைப் பற்றி அனேகமாக எல்லாமே தெரிந்துவிடும். எந்த மருத்துவரிடம் போகிறார், எந்த மாத்திரையைத் தொடர்ந்து வாங்குகிறார், மாதாமாதம் யாருக்குப் பணம் அனுப்புகிறார், எந்த மாதம் கடன் வாங்க வேண்டி வந்தது, எந்த மத அமைப்புக்கு அல்லது கட்சிக்கு நன்கொடை கொடுக்கிறார் என எல்லாம் அதில் இருக்கும். நாட்குறிப்பில் எழுதத் தயங்குவதைக்கூடப் பணப் பட்டியல் தேதி போட்டுச் சொல்லிவிடும்.

இந்தப் பட்டியலைத்தான் நாம் இலவசச் செயலிகளிடம் யோசிக்காமல் கொடுக்கிறோம். அந்தச் செயலிகள் எல்லாம் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் தரவு அவர்கள் சர்வரில் (எப்போதும் ஓடிக்கொண்டிருந்து மற்ற கருவிகளுக்குத் தரவு கொடுக்கும் கணினியில்) இருக்கும்வரை அதன் விதியை முடிவு செய்வது அவர்கள்தான். மின்ட் என்ற வரவு செலவுச் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் வந்தது. 2009-இல் இன்ட்யூட் நிறுவனம் அதை வாங்கியது. 2024 மார்ச் மாதத்தில் மூடிவிட்டார்கள். பல ஆண்டுகளாக அதில் கணக்கு வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேடிப் போக வேண்டியதாயிற்று.

சொந்த சர்வரில் வைத்துக்கொண்டால் இந்த இரண்டு கவலையும் போகும். அதற்குப் பதிலாக ஒரு பொறுப்பு வந்து சேரும். மென்பொருளை நிறுவுவது ஒரு மாலை வேலை, அது பெரிய விஷயமே இல்லை. தரவு தொலையாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. பெரும்பாலான வழிகாட்டிகளில் பேக்கப் கடைசிப் பத்தியில் வரும். நான் அதை நடுவில், முதல் உண்மையான எண்ணை எழுதுவதற்கு முன்பே வைத்திருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

எந்த மென்பொருள்?

நிரலை யாரும் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருள்கள் பல இருக்கின்றன. புதிதாக வருபவர் நாலைந்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஆக்சுவல் பட்ஜெட்: முதலில் கட்டணச் சேவையாக இருந்தது. 2022-இல் நிரலைத் திறந்துவிட்டார்கள், இப்போது தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். கையில் இருக்கும் பணத்தை இன்னின்ன செலவுக்கு என்று முன்கூட்டியே பிரித்து வைக்கும் உறை முறையில் இயங்குகிறது. தரவின் முழுப் பிரதி உங்கள் கருவியிலேயே இருக்கும். சர்வரின் வேலை கருவிகளுக்கிடையே மாற்றங்களைக் கடத்துவதுதான்.

ஃபயர்ஃபிளை 3: இரட்டைப் பதிவு முறையில் இயங்குகிறது. பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற இரண்டு முனையையும் கேட்கும். பல நாணயங்களில் வரவு செலவு உள்ளவர்களுக்கும், நுணுக்கமான அறிக்கைகள் வேண்டுபவர்களுக்கும் இது நல்லது. தனியாக ஒரு தரவுத்தளம் வேண்டும், வங்கிக் கோப்புகளை ஏற்றுவதற்கு இன்னொரு கருவியையும் நிறுவ வேண்டும். அதனால் வேலை கொஞ்சம் கூடுதல்.

ஜிஎன்யு கேஷ்: 1998-இல் முதல் நிலையான பதிப்பு வந்தது. சர்வரே வேண்டாம், கணினியில் நேரடியாக ஓடும். ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் இது தாராளமாகப் போதும்.

எச்லெட்ஜர், பீன்கவுன்ட்: கணக்கு முழுவதும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறக்கலாம். இருபது ஆண்டு கழித்தும் படிக்க முடியும் என்ற உறுதி இதைப்போல வேறெதிலும் இல்லை. டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) பழகியவர்களுக்குப் பிடித்துப்போகும், மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். பீன்கவுன்ட் கோப்பைப் பிரவுசரில் பார்க்க ஃபாவா என்று ஒரு துணைக்கருவி உண்டு.

முதல்முறை இறங்குபவருக்கு நான் ஆக்சுவலைத்தான் சொல்வேன். காரணம் எளிமை மட்டும் இல்லை. தரவு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் ஒரே கோப்பாக இருக்கிறது. அமைப்புகள் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் முழுக் கணக்கும் ஒரு ஜிப் கோப்பாகக் கைக்கு வந்துவிடுகிறது. உள்ளே வருவதற்கு முன் வெளியே போகும் வழி தெரிய வேண்டும். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இனி வரும் படிகள் ஆக்சுவலை வைத்தே போகின்றன. மற்றதைத் தேர்ந்தெடுத்தாலும் வரிசை அனேகமாக இதேதான்.

இன்னொன்று. இது உங்களுக்கு ஒத்துவருமா என்றே தெரியவில்லை என்றால் சர்வர் பக்கமே போகாதீர்கள். ஆக்சுவலின் டெஸ்க்டாப் செயலியை நிறுவி, சர்வர் வேண்டாம் என்ற தேர்வைக் கொடுத்து ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். பிடித்திருந்தால் அதே கோப்பை அப்புறம் சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம், எதுவும் வீணாகாது.

எந்த இயந்திரத்தில்?

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப், ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி, அல்லது ஏற்கெனவே வைத்திருக்கும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் கருவி), இவற்றில் எது இருந்தாலும் சரி. இந்த மென்பொருளுக்குப் பெரிய நினைவகமோ வேகமோ தேவையில்லை. லேப்டாப் என்றால் மூடியை மூடினால் தூங்கிப் போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வரிலும் வைக்கலாம். ஆனால் அங்கே இயந்திரம் இன்னொருவருடையது, வட்டும் இன்னொருவருடையது. தனியுரிமைக்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்றால் வீட்டுப் பெட்டியே என் முதல் தேர்வு. கிளவுடில்தான் வைக்க வேண்டும் என்றால், பின்னால் சொல்லும் முனைக்கு முனை குறியாக்கத்தை (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டுவதை) கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெட்டிக்கு உள்ள ஆபத்து திருட்டு. லினக்ஸ் நிறுவும்போதே வட்டைக் குறியாக்கம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், பெட்டி போனாலும் கணக்கு பிறர் கண்ணில் படாது. ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்த பிறகும் நீங்கள் போய்க் கடவுச்சொல் தட்டினால்தான் சர்வர் எழும். ஆக்சுவலில் இது பெரிய தொந்தரவு இல்லை. சர்வர் படுத்திருந்தாலும் ஃபோனில் உள்ள பிரதியில் எழுதிக்கொண்டே இருக்கலாம், எழுந்த பிறகு ஒத்திசைந்துகொள்ளும்.

நிறுவுவது

டாக்கர் வழியாகப் போவதுதான் சுலபம். ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து, கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி அது. டாக்கரையும் அதன் கம்போஸ் வசதியையும் முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு புதிய கோப்புறை உருவாக்கி, ஆக்சுவலின் ஆவணப் பக்கத்தில் தயாராக இருக்கும் கம்போஸ் கோப்பை (எதை எப்படி ஓட்டுவது என்று எழுதியிருக்கும் கோப்பு) அதில் போடுங்கள். அப்படியே ஓட்டிவிடாமல் அதிலுள்ள நான்கு விஷயங்களைப் புரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

முதலாவது இமேஜ் வரி. இமேஜ் என்பது கன்டெய்னரில் ஓடப்போகும் மென்பொருள் பொதி. எந்தப் பதிப்பு இறங்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. புதியது எதுவோ அது என்று விடாமல் ஒரு குறிப்பிட்ட பதிப்பு எண்ணை எழுதுவது நல்லது. நீங்கள் கேட்காமல் எதுவும் மாறாது.

இரண்டாவது போர்ட் வரி. போர்ட் என்பது நெட்வொர்க்கிலிருந்து கணினிக்குள் வரும் எண்ணிட்ட கதவு. ஆக்சுவல் 5006-இல் கேட்கும். இந்த வரியில் வெறும் 5006:5006 என்று இருந்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள எல்லா கருவிக்கும் கதவு திறந்திருக்கும். லினக்ஸில் வெளி இணைப்புகளைத் தடுக்கும் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட்கள் அந்த ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இது பலருக்குத் தெரியாது. கிளவுட் சர்வரில் இது பெரிய ஓட்டை. வழி ஒன்றுதான்: போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்ற முகவரியையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்துவிடுங்கள். அந்த இயந்திரத்துக்குள் இருந்து மட்டும்தான் அப்போது அணுக முடியும். வெளியிலிருந்து வருவதற்குப் பாதுகாப்பான வழியை அப்புறம் நாமே அமைத்துக்கொள்வோம்.

மூன்றாவது வால்யூம் வரி. கன்டெய்னருக்குள் டேட்டா என்று ஒரு கோப்புறை இருக்கும், அதை உங்கள் வட்டில் உள்ள ஒரு கோப்புறையோடு இணைப்பது இந்த வரிதான். இது இல்லாமல் ஓட்டினால், கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றும் அன்று கணக்கும் சேர்ந்து போய்விடும். இணைத்த கோப்புறைக்குள் சர்வர் ஃபைல்ஸ், யூசர் ஃபைல்ஸ் என்று இரண்டு உட்கோப்புறைகள் உருவாகியிருந்தால் சரியாகப் பொருந்திவிட்டது என்று அர்த்தம்.

நான்காவது, ரீஸ்டார்ட் விதி. நீங்களாக நிறுத்தாதவரை தானே எழுந்துகொள்ளும்படி அதை வையுங்கள்.

இப்போது கம்போஸை ஓடவிட்டு, அதே இயந்திரத்தின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (அந்தக் கணினியையே குறிக்கும் பெயர்) 5006, அதாவது localhost:5006 என்று திறந்தால் சர்வருக்கு ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். நீளமாக ஒன்றை வைத்து, கடவுச்சொல் மேலாளரில் சேமித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் திரையே இல்லை என்றால், உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் (இன்னொரு கணினிக்குப் போகும் பூட்டிய இணைப்பு) ஒன்று போட்டு இதே வேலையைச் செய்யலாம். பிறகு 'சோதனை' என்ற பெயரில் ஒரு பட்ஜெட் கோப்பு உருவாக்கி, ஒரு கணக்கும் கற்பனையாக நாலைந்து செலவும் போடுங்கள். உண்மையான எண் எதுவும் இன்னும் வேண்டாம்.

எழுதும் முன்பே பேக்கப்

பேக்கப்பில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் 3-2-1 விதியே இதற்கும் போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறொரு இடத்தில்.

சர்வரில் ஓடும் கோப்புறைதான் முதல் பிரதி. இரண்டாவதை ஒரு வெளிவட்டில் எடுங்கள். மூன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்: நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒரு வட்டாக இருக்கலாம், குறியாக்கம் செய்து அனுப்பும் கிளவுட் சேமிப்பாகவும் இருக்கலாம். ரெஸ்டிக், போர்க் இரண்டும் இதற்கு நல்ல கருவிகள். உங்கள் இயந்திரத்திலேயே பூட்டிவிட்டுத்தான் வெளியே அனுப்பும், வாங்கி வைப்பவரால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது.

எடுக்கும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். எஸ்க்யூலைட் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் பிரதி கிடைக்கக்கூடும். அதனால் கன்டெய்னரை நிறுத்தி, கோப்புறையை நகலெடுத்து, திரும்ப ஓடவிடும் மூன்று கட்டளைகளை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி, ஆள் தூங்கும் நேரத்தில் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் லினக்ஸ் வசதியில்) ஓட வையுங்கள். சில நொடி வேலைதான். இதோடு மாதம் ஒருமுறை அமைப்புகள் பக்கத்தில் உள்ள எக்ஸ்போர்ட் பொத்தானையும் அழுத்தி ஜிப் கோப்பைத் தனியாக எடுத்து வையுங்கள்.

எடுத்தது போதாது, திருப்பி ஏற்றியும் பார்க்க வேண்டும். வேறொரு கோப்புறையில் பேக்கப்பை விரித்து, கம்போஸ் கோப்பின் பிரதியில் கன்டெய்னர் பெயரை மாற்றி, வெளிப் போர்ட்டை 5007 ஆக்கி ஓடவிடுங்கள். அதைப் பிரவுசரின் தனிச் சாளரத்தில் திறங்கள். தனிச் சாளரம் எதற்கு என்றால், ஆக்சுவல் பிரவுசருக்குள்ளேயே ஒரு பிரதி வைத்திருக்கும். பழக்கப்பட்ட சாளரத்திலேயே பார்த்தால், சர்வரிலிருந்து வந்ததா அல்லது ஏற்கெனவே அங்கே இருந்த பிரதியா என்று குழம்பிப் போகலாம். தனிச் சாளரத்தில் கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, அந்த நாலைந்து கற்பனைச் செலவும் வந்து நின்றால் உங்கள் பேக்கப் வேலை செய்கிறது. இப்போது சோதனைக் கோப்பை அழித்துவிட்டு உண்மையான கோப்பைத் தொடங்கலாம்.

ஃபோனிலிருந்து எட்டுவது

செலவு நடக்கும் இடத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றால் ஃபோன் வேண்டும். இங்கே புதியவர்கள் ஒரு பிழைச்செய்தியில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். போர்ட் வரியில் 127.0.0.1 சேர்த்திருந்தால் ஃபோனில் சர்வரின் முகவரியைத் தட்டினாலும் பக்கமே திறக்காது. சேர்க்காமல் விட்டிருந்தால் வீட்டு நெட்வொர்க்கில் பக்கம் திறக்கும், ஆனால் மென்பொருள் ஓடாது. ஆக்சுவலுக்குத் தேவையான ஒரு நினைவக வசதியைப் பிரவுசர்கள் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பிலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டுமே அனுமதிக்கின்றன. ஆகவே எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஃபோனில் இல்லை.

ரௌட்டரில் போர்ட் திறந்துவிட்டு இணையம் முழுவதற்கும் காட்டும் வழி ஒன்று உண்டு. பணக் கணக்குக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடவுச்சொல் பக்கம் உலகத்துக்கே திறந்திருந்தால், மென்பொருளில் நாளை கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் உங்கள் வீட்டுப் பிரச்சினையாகிவிடும்.

வயர்கார்ட் அடிப்படையிலான விபிஎன்தான் சரியான வழி. விபிஎன் என்பது உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் பூட்டிய தனிப் பாதை, வயர்கார்ட் அதை அமைக்கும் ஒரு முறை. நெட்வொர்க் தெரிந்தவர்கள் வயர்கார்டையே நேரடியாக அமைத்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கு டெயில்ஸ்கேல் எளிது: சர்வரிலும் ஃபோனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், ரௌட்டரைத் தொடவே வேண்டாம். அதன் சர்வ் வசதியை 5006-ஐ நோக்கித் திருப்பிவிட்டால் எச்டிடிபிஎஸ் சான்றிதழும் தானே வந்துவிடும். ஆனால் கருவிகளை அறிமுகம் செய்து வைக்கும் மையம் அந்த நிறுவனத்துடையது. அதுவும் வேண்டாம் என்றால் அந்த மையத்தை நாமே நடத்த ஹெட்ஸ்கேல் என்ற மாற்று இருக்கிறது. முதல் நாளிலேயே அதில் இறங்க வேண்டியதில்லை.

சொந்த டொமைன் (இணையப் பெயர்) வைத்திருப்பவர்கள் கேடி என்ற வெப் சர்வரை முன்னால் நிறுத்தலாம். அதன் அமைப்புக் கோப்பில் டொமைன் பெயரும், 5006-க்குத் திருப்பிவிடும் ஒரு வரியும் வேண்டும். சர்வர் இணையத்திலிருந்து எட்டக்கூடியதாக இருந்தால் சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும், விபிஎன்னுக்குள் மட்டும் இருந்தால் டொமைன் பதிவுகள் வழியாகச் சரிபார்க்கும் முறையைத் தனியாக அமைக்க வேண்டும். பெயர் வைக்கும்போது மட்டும் யோசியுங்கள். இப்படி வாங்கும் சான்றிதழ்களில் உள்ள பெயர்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். டெயில்ஸ்கேல் வழியாக வருவதற்கும் இது பொருந்தும். 'பணம்', 'பட்ஜெட்' என்றெல்லாம் பெயரில் வேண்டாம், ஏதாவது ஒரு பூவின் பெயரை வைத்துவிடுங்கள்.

ஃபோன் பிரவுசரில் திறந்து, முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் செயலி போலவே நடந்துகொள்ளும். அலுவலகக் கணினியிலோ பொதுக் கணினியிலோ திறக்கவே திறக்காதீர்கள். நீங்கள் வெளியேறினாலும் பிரவுசருக்குள் பிரதி தங்கிவிடலாம்.

கணக்குகளும் வகைகளும்

முதலில் கணக்குகளைச் சேருங்கள்: சம்பளம் வரும் வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு, கையிருப்புப் பணம். மூன்று போதும். இன்றைய இருப்பு என்னவோ அதைத் தொடக்க இருப்பாகக் கொடுங்கள். பழைய ஆண்டுகளின் கணக்கை எல்லாம் ஏற்றிவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்கார்ந்தால் தொடங்கவே மாட்டீர்கள். ஓய்வூதிய நிதி, வீட்டுக்கடன் போல அன்றாடச் செலவில் கலக்காதவற்றைப் பட்ஜெட்டுக்கு வெளியே உள்ள கணக்கு என்று குறித்துச் சேர்க்கலாம். மொத்தச் சொத்து மதிப்பில் அவை வரும், மாதச் செலவைக் குழப்பாது.

வகைகளைக் குறைவாக வையுங்கள். ஆரம்பத்தில் பத்துக்கு மேல் வேண்டாம். தமிழிலேயே பெயர் வைக்கலாம். காய்கறி வேறு, பழம் வேறு, பால் வேறு என்று பிரித்தால் ஒரு ரசீதை மூன்றாக வெட்டி எழுத வேண்டி வரும். மூன்றாம் வாரத்தில் அலுத்துவிடும். 'உணவுப் பொருள்' என்று ஒன்று போதும். அந்த எண் உங்களை உறுத்த ஆரம்பித்தால் அப்போது பிரித்துக்கொள்ளலாம். அதே சமயம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டிப் பழுது இவற்றுக்குத் தனித்தனி வகை வேண்டும். மாதத்தைக் கவிழ்ப்பவை இவைதான். காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 12,000 கட்ட வேண்டும் என்றால் மாதம் 1,000 அந்த உறையில் போட்டுக்கொண்டே வந்தால், கட்ட வேண்டிய நாளில் பணம் அங்கேயே இருக்கும்.

பட்ஜெட் பக்கத்தின் மேலே 'டு பட்ஜெட்' என்று ஓர் எண் தெரியும். இன்னும் எந்த வேலையும் கொடுக்கப்படாமல் கையில் இருக்கும் பணம் அது. அதைப் பூஜ்யம் ஆகும்வரை வகைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். வராத சம்பளத்தைப் பிரிக்காதீர்கள், கையில் இருப்பதை மட்டும் பிரியுங்கள். ஒரு வகையில் போட்டதைவிட அதிகம் செலவாகிவிட்டால் அங்கே சிவப்பு தெரியும். வேறு உறையிலிருந்து எடுத்து அதை மூடலாம். மூடாமல் விட்டால் அடுத்த மாதம் பிரிப்பதற்கு உள்ள பணத்திலிருந்து அது கழிந்துவிடும்.

கிரெடிட் கார்டில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கார்டில் 900-க்கு மளிகை வாங்கினால், வாங்கிய அன்றே கார்டு கணக்கில் 900 செலவு, வகை உணவுப் பொருள் என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் கார்டு பாக்கியைக் கட்டுவது புதிய செலவு இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து கார்டு கணக்குக்குப் பணம் மாறுகிறது, அவ்வளவுதான். பெறுநர் இடத்தில் கார்டு கணக்கின் பெயரையே தேர்ந்தெடுத்தால் ஆக்சுவல் அதைப் பரிமாற்றமாக எடுத்துக்கொள்ளும், வகை கேட்காது. இதற்கும் 'கார்டு பில்' என்று வகை போட்டு எழுதினால் ஒரே செலவு இரண்டு முறை கணக்கில் ஏறும்.

கையால் எழுதுவதா, வங்கியிலிருந்து ஏற்றுவதா?

சில நாடுகளில் இடைத்தரகு சேவைகள் வழியாக வங்கிப் பரிவர்த்தனைகளைத் தானாக இழுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. சௌகரியம்தான். ஆனால் நம் பட்டியலை மீண்டும் ஒரு மூன்றாம் ஆள் பார்க்கிறார். சொந்த சர்வர் வைத்த காரணமே அங்கே பாதி கரைந்துவிடுகிறது. நான் அதை விட்டுவிடச் சொல்வேன்.

கையால் எழுதுவதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. எழுதும் அந்தச் சில நொடி செலவைக் கவனிக்க வைக்கிறது. தானாக வந்து விழும் பட்டியலை யாரும் படிப்பதில்லை. வாடகை, இணையக் கட்டணம் போல மாறாமல் வருபவற்றை ஷெட்யூலில் போட்டுவிடுங்கள், தேதி வந்ததும் தானே வந்து நிற்கும். ஒரு கடைக்குச் சில முறை ஒரே வகையைக் கொடுத்தால் அடுத்தடுத்த முறை அதுவே வகையை நிரப்பும்படி விதிகளும் உருவாகிக்கொள்ளும். அதனால் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

விட்டுப்போனவற்றைப் பிடிக்க, வங்கித் தளத்திலிருந்து மாதம் ஒருமுறை ஸ்டேட்மென்டை நீங்களே இறக்கி ஏற்றுங்கள். கணக்கு மென்பொருள்களுக்கென்றே உள்ள ஓஎஃப்எக்ஸ் வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள், இல்லாவிட்டால் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு). சிஎஸ்வி என்றால் ஏற்றும் சாளரத்தில் தேதி வரிசையை நன்றாகப் பாருங்கள். 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்பது வங்கிக்கு வங்கி மாறும். வரவும் செலவும் தனித்தனிக் கட்டத்தில் வருகிறதா, ஒரே கட்டத்தில் கழித்தல் குறியோடு வருகிறதா என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். முன்னோட்டத்தில் முதல் நாலு வரி சரியாக இருந்தால் ஏற்றுங்கள். நீங்கள் ஏற்கெனவே கையால் எழுதியதை, தேதி சற்று முன்பின் இருந்தாலும் தொகையை வைத்துப் பொருத்திக்கொள்ளப் பார்க்கும். ஏற்றி முடித்ததும் இறக்கிய கோப்பை டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து அழித்துவிடுங்கள். சர்வரைப் பூட்டி வைத்துவிட்டு ஸ்டேட்மென்டுகளை அங்கே குவித்து வைத்தால் பயனில்லை.

வாரம் ஒருமுறை நேர் பார்ப்பது

வங்கியில் உள்ள இருப்பும் மென்பொருள் காட்டும் இருப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் பழக்கத்தின் முதுகெலும்பு. இதைச் செய்யாத கணக்கு இரண்டு மாதத்தில் நம்பிக்கை இழந்து நின்றுவிடும். கணக்குப் பக்கத்தில் அதற்கென்று ரிகன்சைல் பொத்தான் இருக்கிறது. வங்கி காட்டும் இருப்பைக் கொடுத்தால் வித்தியாசம் எவ்வளவு என்று சொல்லும். வங்கிப் பட்டியலில் உள்ளவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பச்சை டிக் போட்டுக்கொண்டே வந்தால் வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். பூஜ்யமானதும் பூட்டிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் டிக் போட்ட பிறகும் வித்தியாசம் நின்றால் அந்த எண்ணையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வங்கியில் 18,450, மென்பொருளில் 18,970 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 520. முதலில் 520 என்று ஏதாவது ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பாதியைப் பாருங்கள்: 260 என்று ஒரு செலவு இருந்தால் அதை வரவுக் கட்டத்தில் எழுதியிருப்பீர்கள், அப்போது வித்தியாசம் இரு மடங்காகத்தான் தெரியும். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். 540 என்பதை 450 என்று தட்டினால் வித்தியாசம் 90. கணக்கர்கள் காலம்காலமாகக் கையாளும் வழி இது. இந்த மூன்றிலேயே பெரும்பாலான வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, தொகையும் சின்னது என்றால் சரிக்கட்டும் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு நகருங்கள். கையிருப்புப் பணத்துக்கு இது அடிக்கடி தேவைப்படும், அதில் தப்பில்லை. வங்கிக் கணக்கில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே ஒவ்வொரு பைசாவுக்கும் ஒரு வரி இருக்கிறது.

குறியாக்கம், புதுப்பிப்பு, வீட்டில் இன்னொருவர்

ஆக்சுவலில் முனைக்கு முனை குறியாக்கம் உண்டு, ஆனால் தானாக இயங்காது. அமைப்புகளில் போய் நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கினால் சர்வரில் கிடப்பது பூட்டிய தரவு மட்டும். கிளவுட் சர்வர்காரரால் படிக்க முடியாது. உங்கள் கருவியில் உள்ள பிரதி பூட்டப்படாமல்தான் இருக்கும், அதனால் ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் திரைப்பூட்டு அவசியம். சர்வரில் நுழையும் கடவுச்சொல்லை மறந்தால் இயந்திரம் உங்களிடம் இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். குறியாக்கக் கடவுச்சொல்லை மறந்தால் சர்வரில் உள்ளதை யாராலும் திறக்க முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி, முக்கியப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

புதிய பதிப்புகள் பெரும்பாலும் மாதம் ஒருமுறை வரும். வந்த அன்றே ஏற்ற வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள். பேக்கப் ஸ்கிரிப்டை ஓட்டி, மாற்றக் குறிப்பைப் படித்து, கம்போஸ் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றி, புதிய இமேஜை இறக்கி ஓடவிடுங்கள். டெஸ்க்டாப் செயலியும் பயன்படுத்தினால் அதையும் அதே பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 5007-இல் செய்த அந்த ரெஸ்டோர் சோதனையை உண்மையான பேக்கப்பை வைத்து மறுபடி செய்யுங்கள்.

கணவன் மனைவி இருவரும் எழுதுவதாக இருந்தால் ஒரே பட்ஜெட் கோப்பை இருவர் ஃபோனிலும் திறந்துகொள்ளலாம், மாற்றங்கள் தானே ஒன்றுசேரும். இருவரில் ஒருவருக்குத்தான் சர்வர் பராமரிக்கத் தெரியும் என்றால், மற்றவருக்காக ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: பெட்டி எங்கே இருக்கிறது, வெளிவட்டு எங்கே இருக்கிறது, எந்தக் கடவுச்சொல் எதற்கு, மாதாந்திர ஜிப் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது. அந்த ஜிப்பை டெஸ்க்டாப் செயலியில் இம்போர்ட் செய்தாலே முழுக் கணக்கும் திறந்துவிடும், சர்வரைத் தொட வேண்டியதே இல்லை என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். எழுதி முடித்த பிறகு, நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் உதவாமல், அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து அவரையே ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.